இருசப்பனின் ஏற்காடு

மரக்காணத்தில் ஏற்காட்டைப் பற்றி யாருக்கு எது தெரிய வேண்டுமானாலும் இருசப்பனைத்தான் கேட்பார்கள். திண்டிவனத்திலிருந்து முதல் சேலம் பஸ் எத்தனை மணிக்கு, சேலத்தில் இறங்கினால் மலைக்குப் போகிற வண்டி எந்த மூலையில் நிற்கும், மலையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு, எத்தனையாவது வளைவில் காது அடைக்கும், கோடை விழாவில் பூக்கண்காட்சி எத்தனை நாள், நாய்க்கண்காட்சி எந்த நாள், சேர்வராயன் கோவில் திருவிழா அதற்கு முன்னாலா பின்னாலா என்று நின்ற இடத்தில் நின்றபடி சொல்லிவிடுவார். கல்யாணமான புதுசுகள் அவரிடம் கேட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். ஒரு வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன டூர்கூட அவர் சொன்னபடிதான் போய் வந்தது. வந்தவர்கள், "நீங்க சொன்ன மாதிரியே இருந்துதுண்ணா" என்பார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொள்வார்.

இதில் ஒரே ஒரு குறை. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் இருசப்பன் ஏற்காட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

உப்பளத்தில் அவர் தண்ணீர் கட்டுகிறவர். கழுவெளி உப்பங்கழியிலிருந்து இறைத்த உப்புத் தண்ணீர் பெரிய பாத்தியில் கிடந்து வெயிலில் சுண்டும். அங்கிருந்து நடுப்பாத்திக்கு வந்து இன்னும் சுண்டும். கடைசியாக உப்பு விளைகிற சின்னப் பாத்திக்கு வரும். எந்தத் தண்ணீரை எப்போது எந்த மடையில் திறந்துவிடுவது என்பது அவர் பாடு. சீக்கிரம் விட்டால் உப்புப் பிடிக்காது, தாமதமாக விட்டால் கசந்துபோகும். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்ப்பதற்கு முதலாளி ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கிக் கொடுத்திருந்தார். இருசப்பன் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் குழாய்தான் கெட்டுப்போயிருக்கிறது என்பார்.

தை மாதத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் உப்பளம் ஆளை விடாது. அதிலும் சித்திரை, வைகாசி இரண்டும்தான் உயிர் மாதங்கள். ஏற்காட்டுக்காரர்கள் விழா வைப்பதும் சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான். ஐப்பசியில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், மனுஷன் கூலியில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அப்போது மலை ஏற நேரமிருக்கும், பஸ் சார்ஜ் இருக்காது, அங்கே பூவும் இருக்காது. யானைக்கும் பானைக்கும் சரி என்பது மாதிரி ஒவ்வொரு வருஷமும் இந்தக் கணக்கு நேராகிப் போய்விடும்.

அவர் மனைவி விருத்தாம்பாள் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. கல்யாணமாகி முதல் கோடையில், உப்பு வாரிவிட்டு வரப்பில் ஏறி நின்ற ஒரு மத்தியானம், முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு நாளாவது குளுர்ல நடுங்கணும்யா. இந்த வெள்ளையத் தவுர வேற கலரா எதுனா பாக்கணும்." அந்த வாரம்தான் சேலத்துக்கு உப்பு ஏற்றிப்போன ஒரு லாரிக்காரர் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்றும், வருஷா வருஷம் பூவாலேயே மயில் செய்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தார். புதுப் பெண்டாட்டி கேட்டால் எந்தப் புருஷன்தான் இல்லை என்பான்? "அடுத்த வருஷம் போறோம்" என்று சொல்லிவிட்டார். அது நடந்தது எண்பத்திரண்டில்.

அதற்குப் பிறகு பங்குனி பிறந்தால் விருத்தாம்பாள் ஒரே ஒரு தடவை கேட்பாள். "எப்பவாம்?" அவ்வளவுதான். இருசப்பன் விழாத் தேதியைச் சொல்லுவார். கோட்டக்குப்பத்து முஜீப் ரஹ்மான் பாய் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சேலத்துக்கு லாரி ஓட்டுகிறவர். விழா நோட்டீஸ் அடித்த உடனே ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து கொடுப்பார். இருசப்பன் அதை வாங்கி, அதில் போட்டிருக்கிற நேரத்தையும் உப்பு வாருகிற முறையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பஸ் மாறுகிற நேரம் வரைக்கும் திட்டம் போட்டு முடிப்பார். முடித்ததும் மனைவிக்கு உட்கார்ந்து சொல்லுவார். மயில் இந்த வருஷம் கிடையாதாம், யானையாம். ரோஜா மட்டும் இத்தனை விதமாம். அவள் கேட்டுக்கொண்டே மீன் கழுவுவாள். பிறகு விழா வரும், போகும். இருவரும் பாத்தியில் நிற்பார்கள்.

இரண்டாயிரத்து நாலில் கிட்டத்தட்டப் போயே விட்டார்கள். அந்தச் சித்திரையில் உப்பு வாரிக் குவித்து, லாரிக்குக் காத்திருந்த அம்பாரத்தை மூடாமல் வைத்துவிட்டு, சேலம் பஸ் நேரம் மாறியிருக்கிறதாமே, நேரில் விசாரித்துவிடுவோம் என்று இருசப்பன் ஒரு காலையில் திண்டிவனம் போனார். அவர் நேரக்காப்பாளரிடம் நின்று ஒவ்வொரு வண்டியாக எழுதி வாங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் மரக்காணத்தில் ஊற்றியது. திரும்பி வந்தபோது அம்பாரத்தில் பாதி கரைந்து வரப்பு வழியாக ஓடியிருந்தது. சுண்டிய தண்ணீர் எல்லாம் வெறும் தண்ணீராகிக் கிடந்தது. கூட வேலை செய்கிற ராஜவேல்தான், "எங்கண்ணா போயிருந்த?" என்று கேட்டான். இருசப்பன் பஸ் நேரம் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தான் வரப்பை விட்டு இறங்கினால் வானம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்தார். உப்பளத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு. சீசன் நேரத்தில் பாத்தியில் நின்றுகொண்டு மழை என்ற சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். 'விருந்தாளி' என்பார்கள். பேர் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். இருசப்பன் வீட்டிலும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று தடை போட்டார்.

அடுத்த வருஷம் பேசுவதற்கே இடமில்லாமல் போயிற்று. மார்கழியில் கடல் ஏறி வந்து போனதில் மடை உடைந்து, பாத்தி பூராவும் சேறும் மணலும் கிடந்தது. கரையோரக் குப்பங்களில் ஆளே போயிருந்தபோது பாத்தியைப் பற்றி அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. பங்குனி முடிகிறவரைக்கும் சேறு வாரினார்கள். அந்த வருஷம் மட்டும் விருத்தாம்பாள் "எப்பவாம்?" என்று கேட்கவில்லை. முஜீப் பாயும் நோட்டீஸ் கொண்டுவரவில்லை.

இரண்டாயிரத்து ஆறு பங்குனியில் மறுபடியும் கேட்டாள். ஆனால் இந்தத் தடவை கேள்வியோடு நிறுத்தவில்லை.

"இந்தாய்யா, எனக்கு முட்டி ரெண்டும் போயிடுச்சி. இந்த வருஷம் கூட்டினு போனா போ. இல்லன்னா நான் இனிமே கேக்கமாட்டேன். நீயும் நோட்டீஸ வெச்சிக்கினு எங்கிட்ட வந்து யான, மயிலுன்னு சொல்லாத."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் இருசப்பன் சமாளித்திருப்பார். அவள் அலுப்பாகச் சொன்னாள். இருபத்து நாலு வருஷமாகத் தான் சொன்ன ஏற்காட்டை அவள் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த வருஷம் போகாவிட்டால் அப்புறம் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று புரிந்துகொண்டார்.

ஆகையால் அந்த வருஷத்துத் திட்டத்தை அவர் கோட்டை பிடிக்கப் போகிறவர் மாதிரி போட்டார். "தேர்தல் முடிஞ்சுதான் விழாவாம், வைகாசியில தள்ளிட்டாங்க" என்று முஜீப் பாய் செய்தி கொண்டுவந்தார். அடுத்த நடையில் நோட்டீஸே வந்தது. விழா திறப்பு சனிக்கிழமை காலை பத்து மணி. இருசப்பன் காலண்டரைப் பார்த்தார். அன்றைக்கு அமாவாசை. அமாவாசையில் பாத்தியில் யாரும் உப்பு இழுக்கிற பலகையை வைப்பதில்லை. வியாழக்கிழமை ஒரு முறை வாரிவிட்டால் அடுத்த வாரல் திங்கட்கிழமைக்குத்தான் வரும். வெள்ளி காலையில் புறப்பட்டு, சனிக்கிழமை பூவைப் பார்த்து, ஞாயிறு மாலைக்குள் வரப்பில் வந்து நின்றுவிடலாம். இருபத்து நாலு வருஷத்தில் அமாவாசையும் விழாவும் வாரலும் இப்படி ஒரே வரிசையில் வந்து நின்றதில்லை.

"இது தெய்வமா பாத்து குடுத்தது" என்றார் விருத்தாம்பாளிடம்.

"குடுத்ததக் கெடுக்காம இரு" என்றாள் அவள்.

மகள் சங்கீதாவைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தாள். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப்போன சிவப்பு ஸ்வெட்டரை அம்மாவுக்கென்று கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டுப் பார்த்தபோது விருத்தாம்பாளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. வெளியே அக்கினி வெயில் இன்னும் ஓயவில்லை. கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை வாரி முடித்து, அம்பாரத்துக்குத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்த பிறகு, இருசப்பன் ராஜவேலை வரப்பில் உட்காரவைத்து எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். "விருந்தாளி வந்தா மொதல்ல கெழக்கு மடையத் தொற. மேல நிக்கிற தண்ணி போவட்டும். சுண்டுன தண்ணிய பள்ளத்துல எறக்கு." ராஜவேலுக்கு நாற்பது வயது. பதினெட்டு வருஷமாக அதே பாத்தியில் வேலை செய்கிறவன்.

"அண்ணா, எனக்குத் தெரியாதா? நீ போயி பூவப் பாரு."

போகிறபோது இருசப்பன் புது உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். பாத்தியை விட்டு ராத்தங்கப் போகிற உப்பளத்துக்காரர்கள் செய்கிற காரியம்தான் அது. உப்பைக் கூடவே கொண்டுபோனால் பாத்தி கோபித்துக்கொள்ளாது என்பது ஒன்று. உப்பு வேர்த்தால் விருந்தாளி கிட்டத்தில் இருக்கிறான் என்பது இன்னொன்று. இரண்டாவது பொய்த்து அவர் பார்த்ததில்லை. கையில் எடுத்த உப்பு பிசுபிசுத்தால் அன்றைக்கோ மறுநாளோ இறங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை எல்லாம் அவர் சொல்லிவந்தபடியே நடந்தது. சேலத்தில் மலை வண்டி அவர் சொன்ன மூலையிலேயே நின்றது. ஏழாவது வளைவில் விருத்தாம்பாளுக்குக் காது அடைத்தது. "நீ சொன்ன மாதிரியே அடைக்குதுய்யா" என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாத்தியில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. மூன்று மணி சுமாருக்கு மலைமேல் போய் இறங்கினார்கள். முஜீப் பாய் சொல்லியனுப்பிய ஆள் ஒரு சின்ன ரூம் காட்டினான்.

பையை வைத்துவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போனார்கள். நாளைக்குத்தான் திறப்பு என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கம்பி வேலி வழியாகப் பார்த்தார்கள். கம்பியால் கட்டிய பெரிய யானை ஒன்று நின்றது. ஆட்கள் ஏணி போட்டு அதன் முதுகில் பூவைக் குத்திக்கொண்டிருந்தார்கள். பாதி உடம்பு ஈரச் சாக்கால் மூடியிருந்தது. தும்பிக்கை இன்னும் வெறும் கம்பியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வந்தா முழுசா பாக்கலாம்" என்றார் இருசப்பன்.

"ஆமா, நாளைக்கு" என்றாள் அவள், வேலியை விடாமல்.

அப்போதுதான் அது வந்தது. ஏரிப் பக்கமிருந்து புகை மாதிரி வெள்ளையாக ஊர்ந்து வந்து வேலியையும் யானையையும் மறைத்துவிட்டு அவர்கள்மேல் ஏறியது. விருத்தாம்பாள் ஸ்வெட்டரை இழுத்து மாட்டிக்கொண்டாள். பல் கிட்டித்தது. "நடுங்குதுய்யா" என்றாள். "ஐயோ, நெசமாவே நடுங்குதுய்யா." இரண்டு கையையும் நீட்டி, விரல் நடுங்குவதை அவருக்குக் காட்டினாள்.

இருசப்பன் பார்க்கவில்லை. அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் விலகிய இடத்தில், தூரத்து மலைக்கு அந்தப்புறம் கருத்துக் கிடந்தது. ஒரு மின்னல் வெட்டியது. டீக்கடைக்காரர் கடை வாசலில் நின்று, "மழை வருதுங்க, இன்னிக்கி நல்லா பெய்யும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். இருசப்பனுக்கு யாரோ முதுகில் அடித்தது போல இருந்தது. இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். உப்பு வேர்த்துக் கரைந்து துணியை நனைத்திருந்தது.

"விருத்தா, உப்பு வேக்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். "மல மேல எதுதான்யா வேக்கல? என் சேலையத் தொட்டுப் பாரு. எல்லாமே ஈரமாத்தான் கெடக்குது."

"இல்ல. கெழக்கால மின்னுது பாரு. கெழக்குன்னா நம்மூரு பக்கந்தான்."

"எம்மா தூரம் வந்துருக்கோம், நம்மூரு மின்னலு இங்க எப்பிடித் தெரியும்?"

கடற்கரையில் வானம் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். மின்னுகிற இடத்தைப் பார்த்து எத்தனை மைல், எத்தனை நேரம் என்று இருசப்பன் சொல்லிவிடுவார். மலைமேல் நின்று வானத்தைப் பார்த்தது அவருக்கு இதுதான் முதல் தடவை. அங்கே அந்தக் கணக்கு செல்லாது என்பது அவருக்குத் தெரியவில்லை. எஸ்டிடி பூத்தில் போய் முதலாளியின் ஆபீஸுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாளை அமாவாசை என்று வெள்ளி சாயங்காலமே பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்பது அவர் போட்ட திட்டத்தில் இல்லை. எடுக்காத போனை அவர் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது அவர் ஏற்கெனவே பையைக் கட்டியிருந்தார். "மொத வண்டி ஆறு மணிக்கு. போயிடலாம்" என்றார்.

பத்து மணிக்குப் பூங்கா திறக்கும். இன்னும் நாலு மணி நேரம். விருத்தாம்பாள் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பையின் மேலே வைத்தாள். "ராஜவேலு இருக்கான்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டாயிரத்து நாலுலயும் ராஜவேலு இருந்தான்."

பஸ் பூங்கா வழியாகத்தான் இறங்கியது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யானை இருந்த பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சேலத்தில் வெயில் காய்ந்தது. அதற்குள் என்ன, கடற்கரையில் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி தாண்டியும் வெயில். விழுப்புரத்தில் பஸ் நின்றபோது சும்மா இருக்கமுடியாமல் முடிச்சை அவிழ்த்தார். உப்பு காய்ந்து ஒரே கட்டியாகிக் கல்லு மாதிரி இருந்தது. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது.

அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டியிருந்தது. பக்கத்தில் விருத்தாம்பாள் அந்த உப்பைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது இருசப்பனுக்குத் தெரியும். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பஸ்ஸில் அதற்கும் இடமில்லை.

மரக்காணத்தில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நேராகப் பாத்திக்கு நடந்தார். வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. தார்ப்பாய் வைத்தது வைத்தபடி இருந்தது. பாத்தியில் உப்பு அவர் நினைத்ததைவிட நன்றாகவே பிடித்திருந்தது. ராஜவேல் ஒரு பனையோலைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டு எழுந்தான்.

"இன்னாண்ணா, நாளைக்குத்தான வரணும்?"

"விருந்தாளி…"

"ஒரு சொட்டு இல்ல. நேத்துலருந்து காத்துகூட தெக்காலதான் அடிக்குது." ராஜவேலுக்கு விஷயம் மெல்ல விளங்கியது. சிரிக்கக் கூடாது என்று பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். "டிகிரி பாத்தேன். இருவத்தஞ்சு. சரியா இருக்குது."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இருசப்பன் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். இருபத்தைந்துதான். குழாய் கெட்டுப்போகவில்லை.

திங்கட்கிழமை விடியலில் வாரல். விருத்தாம்பாள் எப்போதும் போலச் சேலைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். எட்டுப் பெண்கள் வரிசையில் நின்று பலகையால் உப்பை இழுத்தார்கள். இருசப்பன் மடையில் குனிந்து குழாயைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற சின்னப்பாப்பாதான் ஆரம்பித்தாள். அவள் வாய்க்குப் பயந்து முதலாளியே சுற்றிக்கொண்டு போவார். "ஏம்மா விருத்தா, மலைக்கெல்லாம் போயிட்டு வந்துக்கினு வாயே தொறக்க மாட்டேன்ற? பூவெல்லாம் பாத்தியா, இல்லியா?"

அவ்வளவுதான், மானம் கப்பலேறப் போகிறது என்று இருசப்பன் தலையை நிமிர்த்தவில்லை. எல்லோரும் ராஜவேலிடம் முன்பே கேட்டிருப்பார்கள் என்றும் நினைத்தார். ராஜவேல் தூரத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

விருத்தாம்பாள் பலகையை ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினாள்.

"பாக்காம? அதுக்குத்தான போனோம்" என்றாள். "யான ஒண்ணு, நெசமான யான ஒசரம். ஒடம்பு பூரா பூவுதான். ஏணி போட்டு ஏறித்தான் குத்துவாங்களாம். ரோசாவே அம்மாம் வெதம். மஞ்சள்ல ஒண்ணு, ஆரஞ்சுல ஒண்ணு, கருப்பா கூட ஒண்ணு இருக்குது. ஏரியில படகு வுடுறாங்க. நாய்க்கெல்லாம் சட்ட போட்டு இட்டாராங்க."

"நாய்க்கா?"

"ஆமா. ஒண்ணுக்கு மாலைகூட போட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இருசப்பன் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கருப்பு ரோஜா அவர் தொண்ணூற்றெட்டில் சொன்னது. நாய்க்கு மாலை போட்டதை முஜீப் பாய் சொல்லி, அவர் இவளிடம் சொன்னது அதற்கும் முந்தின வருஷம். மீன் கழுவிக்கொண்டே கேட்டதில் ஒன்றைக்கூட அவள் விட்டிருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனாள். எங்கேயும் தடுமாறவில்லை. குளிரைச் சொல்லும்போது மட்டும் பலகையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி விரல் நடுங்கியதைக் காட்டினாள். அது ஒன்றுதான் அவளுக்கு முழுசாகக் கிடைத்தது. அதை இருசப்பன் இப்போதுதான் பார்த்தார்.

"யானைக்கி தும்பிக்க இன்னா பூவுல செஞ்சாங்க?" என்றாள் சின்னப்பாப்பா.

விருத்தாம்பாள் நின்றாள். தும்பிக்கையை அவள் வெறும் கம்பியாகத்தான் பார்த்திருந்தாள். அது அவள் கேட்டு வைத்திருந்ததிலும் இல்லை. திரும்பி மடைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"இந்தாய்யா. தும்பிக்க இன்னா பூவு? நீதான கிட்டப் போயி பாத்த?"

எட்டுப் பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"செவந்தி" என்றார். "வெள்ளச் செவந்தி."

"வெள்ள இல்ல" என்றாள் விருத்தாம்பாள். "நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

"ஆமா. செவப்பு. செவப்புச் செவந்திதான்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் பலகையை எடுத்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வாரி முடித்துக் கரையேறினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் இருசப்பன் அவள் பலகையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. முட்டி வலியில் அவள் மெதுவாக நடந்தாள், அவரும் மெதுவாக நடந்தார். சாலைக்கு வந்ததும் சொன்னார்.

"விருத்தா, தப்பு எம்மேலதான். அடுத்த வருஷம் நான் உப்பு, கிப்பு எதையும் பாக்கமாட்டேன். விழா எப்பன்னு பாய்கிட்ட இப்பவே சொல்லி…"

"எதுக்கு?" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "அதான் பாத்தாச்சே."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகவும், முதலியார்சாவடிக்குப் போகிறபோது மறக்காமல் சங்கீதாவிடம் திருப்பிக் கொடுத்துவிடும்படியும் சொன்னாள்.